தாரில் ரப்பர் கலந்தால் விவசாயி கைக்கு என்ன வரும்?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கங்களில் ஊர் விழிக்கும் முன்பே ரப்பர்த் தோட்டங்கள் விழித்துவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கையில் கத்தியுடன் பால்வெட்டுபவர் மரத்துக்கு மரம் போவார். பட்டையை மெல்லச் சீவுவார். பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும். வெயில் ஏறுவதற்குள் அதை எடுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, வெயிலிலும் புகையிலும் உலர்த்தி, கட்டாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனால் அன்றைய விலை என்னவோ அதுதான் கிடைக்கும். "இன்னும் ஐந்து ரூபாய் கூடக் கொடு" என்று கேட்க அந்த விவசாயிக்கு வழி இல்லை.

அந்த விலை எப்படி ஆடுகிறது என்பதைப் பார்த்தால் தலை சுற்றும். 2011 ஏப்ரலில் ஒரு கிலோ ஷீட் 240 ரூபாயைத் தொட்டது. அந்தத் தெம்பில் பலர் தென்னையையும் மரச்சீனியையும் அகற்றிவிட்டு ரப்பர் நட்டார்கள். நட்ட கன்று பால் கொடுக்க ஏழு ஆண்டு ஆகும். அந்தக் கன்றுகள் வளர்ந்து வருவதற்குள், 2016 தொடக்கத்தில், விலை 100 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. பால்வெட்டுக் கூலிக்குக் கட்டாமல் பலர் மரத்தைச் சும்மா விட்டார்கள். 2012-13இல் நாட்டில் 9 லட்சத்து 13 ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி, 2015-16இல் 5 லட்சத்து 62 ஆயிரம் டன்னாகச் சுருங்கியது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல், குமரியில் நின்ற மரங்களையும் முறித்துப் போட்டது. 2024 ஆகஸ்டில் விலை மறுபடியும் 240ஐத் தாண்டியது. சில மாதங்களிலேயே 200க்குக் கீழே இறங்கியது.

நெல்லுக்கு விலை இல்லையென்றால் அடுத்த போகம் உளுந்து விதைக்கலாம். ரப்பர் வைத்தவர் அப்படி மாற முடியாது. நட்டால் ஏறக்குறைய முப்பது ஆண்டு அதே மரம்தான். ஆகவே விலை இறங்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு கை கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. அப்போது வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகளில் ஒன்று, சாலை போடும் தாரில் ரப்பரைக் கலப்பது. சாலையும் உறுதியாகும், விவசாயியும் பிழைப்பார் என்கிறார்கள்.

யோசனை நல்லதுதான். ஆனால் அதில் பாதி மட்டுமே உண்மை. சாலை உறுதியாகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. விவசாயி பிழைப்பார் என்பதோ, ரப்பரை யாரிடமிருந்து, எந்த மாதத்தில், என்ன விலைக்கு வாங்குவது என்று உத்தரவில் எழுதினால் மட்டுமே நடக்கும். எழுதாவிட்டால் அது மேடைப் பேச்சோடு நின்றுபோகும்.

சாலையில் ரப்பர் என்ன வேலை செய்கிறது?

தார் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். இளகிய நேரத்தில் பாரவண்டி போனால் சக்கரத் தடம் பள்ளமாகப் பதியும். இறுகிய தார் நாளாக ஆக வெடிக்கும். வெடிப்பில் மழைநீர் இறங்கினால் ஜல்லி பெயரும். அங்கே குழி விழும்.

இந்தத் தாரில் சிறிதளவு இயற்கை ரப்பரைக் கலந்தால் அதற்கு இழுபடும் தன்மை வருகிறது. எளிதில் இளகாது. பாரம் ஏறும்போது அமுங்கினாலும், பாரம் போனபின் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும். ஜல்லியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கலக்க வேண்டிய அளவு அதிகமில்லை. தாரின் எடையில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு உலர் ரப்பர் போதும். பெரும்பாலும் பாலாகவே சேர்க்கிறார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கேரளத்தில் ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலை. இந்திய சாலைப் பேராயத்தின் வழிகாட்டி நூலில் இதற்கு இடம் உண்டு. 2004இல் வெளிவந்த இந்தியத் தர நிர்ணயத்திலும் இயற்கை ரப்பர் கலந்த தார் தனி வகையாகவே குறிக்கப்பட்டது. ஆகவே "இது பரிசோதிக்கப்படாதது" என்று எந்தப் பொறியாளரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். கொதிக்கும் தாரில் அதை ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கி வழியும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளற வேண்டும். கலந்தபின் அதிகச் சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தாலும் கெடுதல். இயற்கை ரப்பர் வெந்து சிதைந்து தன் இழுவையை இழந்துவிடும். அப்புறம் அதைக் கலந்ததும் ஒன்றுதான், கலக்காததும் ஒன்றுதான். அடுத்தது, எந்த ரப்பரும் வடிகால் இல்லாத சாலையைக் காப்பாற்றாது. ஓரத்தில் ஓடை இல்லாமல், தண்ணீர் தேங்கவிட்டுப் போட்ட சாலை பொன்னைக் கலந்தாலும் நிற்காது. அப்படிப் போட்ட சாலை பெயர்ந்தால் பழி ரப்பரின் மேல்தான் விழும்.

'ரப்பர் சாலை' என்ற பெயரில் இரண்டு சாலைகள்

விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'ரப்பர் சாலை' என்று சொல்லப்படும் எல்லாச் சாலையிலும் தோட்டத்து ரப்பர் இல்லை.

ஓடித் தேய்ந்த பழைய டயர்களை அரைத்துத் தூளாக்கித் தாரில் கலக்கும் முறை ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் பல சாலைகள் அவ்வாறு போடப்பட்டிருக்கின்றன. அதுவும் பயனுள்ள முறையே. கழிவு டயர் மலைபோல் குவிந்து தீப்பற்றி எரிவதைவிடச் சாலைக்குள் போவது நல்லது. சாலைக்கும் அதனால் நன்மை உண்டு. ஆனால் அந்தத் தூளில் ரப்பர் விவசாயிக்கு ஒரு காசும் வராது. அவர் என்றோ விற்று, யாரோ டயராக்கி, எவரோ ஓட்டித் தேய்த்து எறிந்த பொருள் அது.

ஒப்பந்தக்காரருக்கு இரண்டில் எது மலிவோ அதுதான் உகந்தது. அரசு உத்தரவில் வெறுமனே 'ரப்பர் கலந்த தார்' என்று இருந்தால், அவர் டயர்த் தூளைக் கலந்துவிட்டுக் கணக்கை நேர்செய்துகொள்வார். சட்டப்படி அதில் குற்றமும் இல்லை. 'எங்கள் ஊரில் ரப்பர் சாலை போட்டார்கள், ஆனால் எங்கள் ரப்பரை யாரும் வாங்கவில்லையே' என்று கேட்கும் விவசாயிக்கு இதுதான் பதில். 'இயற்கை ரப்பர்' என்ற இரண்டு சொற்கள் மதிப்பீட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

பேச்சு போதும், கணக்குப் பார்க்கலாம். மூன்றே முக்கால் மீட்டர் அகலமுள்ள ஒரு கிராமச் சாலை. அதன் மேல் 3 சென்டிமீட்டர் கனத்தில் தார்க்கலவை போடுகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 260 டன் கலவை பிடிக்கும். அதில் நூற்றுக்கு 5 பங்கு தார் என்றால் 13 டன். அந்தத் தாரில் நூற்றுக்கு 3 பங்கு ரப்பர் என்றால் 390 கிலோ.

நம் நாட்டில் ஒரு ஹெக்டேர் ரப்பர் மரம் ஆண்டுக்குச் சராசரியாக 1,450 கிலோ அளவில் கொடுக்கிறது. ஏக்கருக்குச் சற்றேறக்குறைய 600 கிலோ. அதாவது ஒரு கிலோமீட்டர் கிராமச் சாலை விழுங்குவது முக்கால் ஏக்கரின் ஓர் ஆண்டு மகசூலுக்கும் குறைவு. ஏழு மீட்டர் அகல நெடுஞ்சாலையில் 4 சென்டிமீட்டர் கனம் போட்டாலும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன், அவ்வளவுதான்.

இதை நாடு முழுவதற்கும் பெருக்கிப் பார்க்கலாம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் கிராமச் சாலையை இயற்கை ரப்பர் கலந்தே போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 3,900 டன்தான் தேவைப்படும். இந்தியா 2023-24இல் பயன்படுத்திய இயற்கை ரப்பர் 14 லட்சம் டன்னுக்கும் மேல். ஆயிரத்தில் மூன்று பங்குகூட இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்களே, ரப்பர்ச் சந்தையில் யானை டயர்த் தொழில். சாலை வெறும் பொரி.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. அந்த 14 லட்சம் டன்னில் நாட்டில் விளைந்தது எட்டரை லட்சம் டன் அளவுதான். மீதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. தேவையைவிட விளைச்சல் குறைவாக இருந்தும் விலை விழுகிறது என்றால், விலையை நிர்ணயிப்பது கோட்டயமோ மார்த்தாண்டமோ அல்ல என்பது தெளிவு. பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் ஒசாகாவிலும் உள்ள சந்தைகளே அதை நிர்ணயிக்கின்றன. அங்கே விலை இறங்கினால், தீர்வை கட்டியும் இறக்குமதி கட்டுபடியாகும். இங்கே வியாபாரி விலையைக் குறைப்பார். இந்த நிலையில் சாலைக்கென்று நாலாயிரம் டன் கூடுதலாக வாங்கினால் சந்தை அசைந்துகொடுக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

தாய்லாந்து சொல்லும் பாடம்

உலகில் மிக அதிகமாக இயற்கை ரப்பர் விளைவிக்கும் நாடு தாய்லாந்து. அங்கும் சிறு விவசாயிகளே பெரும்பான்மையினர். விலைச் சரிவால் அங்கேயும் மறியல், ஆர்ப்பாட்டம் எல்லாம் நடந்தன. 2018 டிசம்பரில் அந்நாட்டு அரசு ஒரு பெரிய திட்டத்தை எடுத்தது. சுமார் 75,000 கிராமங்களில், கிராமத்துக்கு ஒரு கிலோமீட்டர் வீதம், ரப்பர்ப் பால் சேர்த்துச் சாலை போடுவது என்பது திட்டம். தாரில் கலப்பதோடு நிற்காமல், மண்ணோடு சிமென்டும் ரப்பர்ப் பாலும் கலந்து சாலையின் படுகையையே அமைக்கும் முறையை எடுத்துக்கொண்டார்கள். அதில் பால் கூடுதலாகச் செலவாகும். 2020 முதல் சாலைத் தடுப்புச் சுவர்களுக்கு ரப்பர் உறை போடவும், ஓரத்தில் ரப்பர்க் கம்பங்கள் நடவும் தொடங்கினார்கள். தாரில் சிட்டிகை போடுவதைவிட அது அதிக ரப்பரை இழுக்கும் வழி.

இவ்வளவு செய்தும் சாலையை மட்டும் நம்பி அந்த அரசு இருந்துவிடவில்லை. 2019இல் விவசாயிகளுக்கு வருமான உத்தரவாதத் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. ஷீட்டுக்குக் கிலோ 60 பாட், பாலுக்கு 57 பாட், ஒட்டுப்பாலுக்கு 23 பாட் என்று விலை குறித்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயி கணக்கில் போட்டது. சாலைத் திட்டமே விலையைத் தூக்கியிருந்தால் இந்த உத்தரவாதத்துக்கு என்ன தேவை? சாலை ஒரு துணை வழி, விலை உத்தரவாதமே முதல் வழி என்பதை அந்த நாடு தன் நடத்தையால் ஒப்புக்கொண்டது.

கேரள அரசும் 2015இல் கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஆதார விலை குறித்து, சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சிறு விவசாயிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. படிப்படியாக உயர்த்தி 2024இல் 180 ரூபாய் ஆக்கியது. களியக்காவிளை எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள விவசாயியின் தோட்டத்துக்கு அந்தத் திட்டம் கிடையாது. மரம் ஒன்று, மழை ஒன்று, விற்கும் சந்தையும் ஒன்று. கோடு மட்டும்தான் வேறு.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டும். நாட்டுச் சந்தையில் பொரியாக இருப்பது ஓர் ஊரில் படிச்சோறு ஆகலாம். ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் சாலை புதுப்பிக்கப்படுவதாக வைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்குப்படி பத்தொன்பதரை டன் ரப்பர் வேண்டும். அதை இறக்குமதி வியாபாரியிடம் வாங்கினால் உள்ளூரில் யாருக்கும் பயன் இல்லை. அதையே அந்த ஒன்றியத்துச் சிறு விவசாயிகளிடம் குடும்பத்துக்கு 50 கிலோ வீதம் வாங்கினால் 390 குடும்பங்களுக்கு உறுதியான விலையில் ஒரு விற்பனை கிடைக்கும். விலை அடிமட்டத்தில் கிடக்கும் மாதத்தில் அந்த 50 கிலோ பள்ளிக் கட்டணத்துக்கோ உரக் கடனுக்கோ உதவும்.

இன்னொரு பயனும் உண்டு. சாலைக்கு வேண்டியது பால். பாலாகவே கொடுத்தால் ஆசிட், உருளை, புகைக்கூடம், விறகு எல்லாம் மிச்சம். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சொந்தமாக உருளை வாங்க வசதி இல்லை. அவரைப் போன்றோர்க்குப் பால் விற்பனை பெரிய ஆறுதல். சிரட்டையிலேயே உறைந்துபோகும் ஒட்டுப்பாலுக்கு எப்போதும் விலை குறைவு. அதையும் தாரில் கலக்க முடியும் என்று மலேசிய ரப்பர் வாரியம் செய்து காட்டியிருக்கிறது. அங்கே அதைக் கொண்டு சாலைகளும் போட்டிருக்கிறார்கள்.

அரசுக்கு ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். ரப்பர் கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 390 கிலோவின் விலை 78,000 ரூபாய். கலக்கும் செலவு தனி. பல லட்சம் ரூபாய் விழுங்கும் ஒரு சாலைப் பணியில் இது தாங்கமுடியாத சுமை அல்ல. சாலை கூடுதலாக ஒரு மழைக்காலம் நின்றால் மறுபூச்சுச் செலவு தள்ளிப்போகும். மேலும் தார் வெளிநாட்டுக் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. ரப்பர் நம் மண்ணில் விளைவது.

உத்தரவில் எழுத வேண்டியவை

சாலைக்குள் எதைக் கலப்பது என்பதை அரசு உத்தரவால் மாற்றமுடியும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலையில் சேர்க்கும் முறையை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கினார். 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐந்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைச் சேர்க்கவேண்டும் என்று விதித்தது. அடுத்தது தென்னைநார் விரிப்பு. 2020இல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 7 மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் நீளத்துக்குத் தென்னைநார் விரிப்பு போடுவது என்று அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் என்று எண்ணால் எழுதியதால்தான் நார் உற்பத்தி செய்பவருக்கு எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தது. ரப்பருக்கும் அவ்வாறே வேண்டும்.

முதலாவது, உத்தரவில் 'இயற்கை ரப்பர்' என்று இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஒவ்வொரு ரப்பர் மாவட்டத்திலும் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, வாங்கும் இடம். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களிடமிருந்தும் சிறு விவசாயிகளிடமிருந்தும் வாங்கியதற்கான ரசீது இருந்தால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் பணம் என்று விதிக்க வேண்டும். ஆலையிலேயே ரப்பர் கலந்து வரும் தாரை வாங்கினால், அந்த ஆலைக்கும் இதே நிபந்தனை வேண்டும். இல்லாவிட்டால் எந்த நாட்டு ரப்பர் உள்ளே போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாவது, வாங்கும் காலம். அக்டோபர் முதல் ஜனவரி வரை பால் பெருகும். பெருகும் காலத்தில் விலை தளரும். சாலை வேலை மும்முரமாக நடப்பதோ மழை ஓய்ந்த மாசி, பங்குனி, சித்திரையில். அப்போது மரம் இலையுதிர்த்துத் தளிர்விட்டுப் பால் குறைந்திருக்கும். ஆகவே பெருகும் மாதங்களில் பாலை வாங்கிச் செறிவாக்கி, அம்மோனியா சேர்த்து இருப்பு வைக்க வேண்டும். செறிவாக்கிய பால் மாதக்கணக்கில் கெடாது. சாலை வேலை தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, விலை. சந்தை விலை குறித்த அளவுக்குக் கீழே போனால் அரசு அந்தக் குறித்த விலையில் வாங்க வேண்டும். மேலே போனால் வாங்குவதை நிறுத்திக்கொள்ளலாம். விலை உச்சியில் இருக்கும்போது சாலைக்கு ரப்பர் வாங்கி அரசுப் பணத்தைக் கரைக்க வேண்டியதில்லை. விவசாயி விழும்போது தாங்குவதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

ஐந்தாவது, மேற்பார்வை. தார் கலக்கும் இடத்தில் சூடு எவ்வளவு, எத்தனை கிலோ ரப்பர் போனது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். ரப்பர் கலந்த சாலை, கலக்காத சாலை இரண்டையும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, மூன்று மழைக்காலம் கழித்து எது நின்றது என்று மக்களே பார்க்கும்படி செய்தால் வாதப் பிரதிவாதத்துக்கு வேலை இல்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

எல்லாவற்றையும் அரசு செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால், உத்தரவு வந்தாலும் அதன் பலன் வேறு கைக்குப் போகும். சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர் நானூறு வீடுகளுக்குப் போய் ஆளுக்கு ஒரு குடம் பால் வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். ஒரே இடத்தில் கிடைத்தால்தான் வாங்குவார். ஆகவே ஊருக்கு ஊர் உற்பத்தியாளர் சங்கம் உயிரோடு இருக்க வேண்டும். பெயருக்கு இருந்து தூங்கும் சங்கங்களை எழுப்ப வேண்டும்.

பாலை விற்கும்போது குடக் கணக்கில் விற்கக்கூடாது. அதில் உள்ள உலர் ரப்பருக்குத்தான் விலை. மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் அது மாறும். 'டி.ஆர்.சி.' என்று சொல்லப்படும் அந்த அளவைச் சோதித்து, விவசாயி கண்ணெதிரே எழுதிக் கொடுக்க வேண்டும். தண்ணீர் கலந்த பாலை ஒருவர் கொண்டுவந்தால் சங்கம் முழுவதற்கும் கெட்ட பெயர் வரும். அதைச் சங்கமே கண்டித்து நிறுத்த வேண்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் ரப்பர் விவசாயிகள் திரளாகப் போய் உட்கார வேண்டும். 'எங்கள் ஊராட்சியில் போடும் தார்ச்சாலையில் உள்ளூர் இயற்கை ரப்பர் கலக்க வேண்டும்' என்று தீர்மானம் போட வைக்க வேண்டும். சாலை வேலை தொடங்கும்போது மதிப்பீட்டின் நகலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மற்றப் பயிர் செய்பவர்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. விளைபொருளுக்குப் புதிய உபயோகம் ஒன்று கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் விவசாயிக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எண்ணுவது வழக்கம். உபயோகம் கூடினால் மட்டும் விலை கிடைத்துவிடாது. வாங்குபவர் யார், என்ன விலை, எப்போது என்ற மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் விளைவித்தவர் கைக்குக் காசு வரும்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று பெரியோர் சொல்லி வைத்தார்கள். அதற்காகக் கணக்குப் பார்க்காமலே இருந்துவிட முடியாது. குமரியில் ரப்பர் விவசாயி வெட்டியெடுத்த பால் அவர் வீட்டு வாசலில் போடும் சாலைக்குள் போவதில் பெருமை உண்டு. அந்தப் பாலுக்கு உரிய விலையும் அவர் வீட்டுக்குள் வரவேண்டும். குமரி மாவட்டத்தில் அடுத்து வரும் சாலைப் பணிகளிலேயே தமிழக அரசு இதைத் தொடங்கலாம். கேரளத்தைப்போல ஆதார விலை ஒன்றையும் அதோடு சேர்த்து அறிவித்தால், விலை இறங்கும் காலத்திலும் பால்வெட்டுபவர் கத்தியைக் கீழே வைக்க வேண்டியிருக்காது.